நான்காம் லெவலைத் தாண்டாதவர்

செருப்புக் கடை அமானின் மனைவி நூரைன் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், அவளுடைய அம்மா ரஹமத்துன்னிசா "கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். அதில் பொய் ஒன்றும் இல்லை. என்ன கணக்கு என்பதுதான் அவருக்கே சரியாகப் புரிந்ததில்லை. போனில் விளையாடுகிறவர்கள் ஒரு லெவலிலிருந்து அடுத்த லெவலுக்கு எப்போது ஏற வேண்டும், அதற்கு எத்தனை பாயிண்ட் சேர்க்க வேண்டும், ஏறிய பிறகு புதிதாக என்ன கிடைக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை அவளுடையது. திருவண்ணாமலையில் வீட்டின் மாடி அறையில் உட்கார்ந்து, சென்னையில் இருக்கும் ஒரு சின்ன கம்பெனிக்காக அதைச் செய்கிறாள்.

கல்லூரியில் கணிதம் படித்த நாளில் தொற்றிய பழக்கம் அது. அண்ணன் மொஹ்சினின் போனில் ஒரு வாள் சண்டை விளையாட்டு இருந்தது. எதிரியை வீழ்த்தினால் பாயிண்ட், பாயிண்ட் சேர்ந்தால் லெவல், லெவல் ஏறினால் புது வாள். மொஹ்சினுக்கு வாள் வேண்டும். நூரைனுக்கோ வாளைப் பற்றி அக்கறை இல்லை. இந்த லெவலுக்கு இவ்வளவு கேட்டவர்கள் அடுத்ததற்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதுதான் அவளை உறுத்தியது. மனசுக்குள் ஒரு எண்ணை நினைத்துக்கொண்டு அண்ணன் ஏறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். முதலில் எல்லாம் தப்பாகவே போனது. கூட்டிக்கொண்டே போகவில்லை, பெருக்கிக்கொண்டே போகிறார்கள் என்று பிடிபட்டதும் ஒரு நாள் நினைத்த எண் அப்படியே திரையில் வந்து நின்றது. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, தங்கைக்குத்தான் வாள் கிடைத்துவிட்டதோ என்று மொஹ்சின் போனைப் பிடுங்கிப் பார்த்தானாம்.

படிப்பு முடிந்து சில காலம் வீட்டில் டியூஷன் எடுத்தாள். பிறகு அமானோடு கல்யாணம். வெறுங்காலோடு மலை சுற்ற ஆட்கள் வருகிற ஊரில் செருப்புக் கடை ஓடுமா என்று பெண் பார்த்த சமயத்தில் சொந்தக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். கழற்றிவிட்ட இடத்தில் செருப்பைக் காணாதவர்கள் எல்லாரும் பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எங்கள் கடைக்குத்தான் வருகிறார்கள் என்று அமான் சொன்ன பதில் நூரைனுக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கடையில் மதிய நேரத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் ஒரு காய்கறித் தோட்ட விளையாட்டை இறக்கி விளையாடினாள். அதில் ஒரு லெவலுக்குப் பாயிண்ட் கணக்கு இடறியிருந்தது. முந்தைய லெவலுக்குக் கேட்டதை விட அடுத்ததற்குக் கம்மியாகக் கேட்டார்கள். விளையாட்டை இறக்கும் பக்கத்திலேயே கருத்துப் பகுதியில் அதை எழுதி, எந்த எண் இருந்தால் சரியாக இருக்கும் என்றும் எழுதிவிட்டு மறந்துபோனாள். ஒரு வாரம் கழித்து அந்த கம்பெனியை நடத்தும் நந்தினி பதில் எழுதி, போன் நம்பர் கேட்டு, கூப்பிட்டுப் பேசினாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பேச்சு கணக்கில் தொடங்கி வேலையில் முடிந்தது.

அடுத்ததாக அவர்கள் செய்த விளையாட்டுக்கு "மினி பஸ்" என்று பெயர். பெயர் தெரியாத ஒரு ஊர். நீங்கள் டிரைவர். ஒரு டிரிப் முழுதாக ஓட்டி முடித்தால் பாயிண்ட். முதல் லெவலில் ஒரு தெரு, அடுத்ததில் சந்தை, நான்காவதில் ஊரைச் சுற்றி ஒரு நல்ல ரூட். ஐந்தாவதில் மினி பஸ் போய்ப் பெரிய பஸ் வரும். ஆறாவதில் மலைப் பாதை திறக்கும். எந்த லெவலுக்கு எத்தனை டிரிப் ஓட்ட வேண்டும் என்பதை நூரைன்தான் வகுத்தாள். வெளியான முதல் வாரத்தில் அமான் தன் பங்குக்கு ஒவ்வொரு செருப்புப் பெட்டியிலும் அதை இறக்கிக்கொள்ள ஒரு ஸ்டிக்கரை ஒட்டி அனுப்பினான்.  ஊரில் பல பேர் போனில் பஸ் ஓட்டினார்கள்.

ஆனால் ஏழாவது லெவலில் ஆட்கள் நின்றுபோனார்கள். ஆறு வரை சுறுசுறுப்பாக வந்தவர்கள் ஏழுக்கு வந்ததும் இரண்டு மூன்று டிரிப் ஓட்டிவிட்டுத் திரும்பி வருவதே இல்லை. ஏறுவது கஷ்டமாக இருக்கிறது என்று நூரைன் நினைத்தாள். எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஏழுக்கு மேல் கேட்கிற பாயிண்டைப் பாதியாகக் குறைத்தாள். இப்போது எட்டுக்கும் ஒன்பதுக்கும் மளமளவென்று ஏறினார்கள். ஏறிவிட்டு, முன்பை விட வேகமாக விளையாட்டை அழித்துவிட்டுப் போனார்கள்.

இது அவளுக்குப் புதிராக இருந்தது. வழியை எளிதாக்கினால் ஏன் சீக்கிரம் போகிறார்கள்? சாப்பிடும்போதும் இதே பேச்சு. நல்ல செருப்பும் ஒரு நாள் அலுத்துப்போகும் என்றான் அமான். அது பதிலாகத் தோன்றவில்லை.

விட்டுப் போனவர்களை எத்தனை நாள்தான் பார்ப்பது என்று, போகாமல் இருப்பவர்களின் பக்கம் பார்வையைத் திருப்பினாள். விளையாடுகிறவர்களின் பெயர் அவளுக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு எண், எந்த லெவல், எப்போது விளையாடினார்கள் என்பது மட்டும் தெரியும். தினமும் விளையாடுகிறவர்கள் எல்லாரும் பன்னிரண்டு, பதினைந்து என்று மேல் லெவல்களில் இருந்தார்கள். ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் விளையாட்டு வெளியான மாதத்திலேயே சேர்ந்தவர். கிட்டத்தட்ட தினமும் வருகிறார். ஆனாலும் நான்காம் லெவலில்தான் இருக்கிறார். இன்னும் ஒரே ஒரு டிரிப் முடித்தால் ஐந்துக்கு ஏறிவிடலாம். அந்த ஒரு டிரிப்பைத் தொடங்குகிறார், முடிப்பதில்லை. மாதக்கணக்காக இப்படியே.

பாவம், அந்த ஆளுடைய போனில் ஏதோ கோளாறு, டிரிப் முடிகிற இடத்தில் விளையாட்டு நின்றுவிடுகிறது என்று முடிவு செய்து நந்தினியிடம் சொன்னாள். நந்தினி அலசிப் பார்த்துவிட்டு, கோளாறு இல்லை என்றாள். கடைசி ஸ்டாப்புக்கு முன்னால் அந்த ஆள் தானாகவே வெளியேறும் பட்டனை அழுத்துகிறார். ஒவ்வொரு முறையும்.

அன்றிலிருந்து நூரைனுக்கு அந்த ஒருவர் மேல்தான் கண். உள்ளே எட்டிப் பார்க்க முடியாத பக்கத்து வீட்டு ஜன்னல் மாதிரி தினமும் ஒரு முறை பார்த்துவிடுவாள். வருவது பெரும்பாலும் மதியம். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. நடுவே மாதத்தில் இரண்டு நாள் மட்டும் ஆளைக் காணோம். அடுத்த மாதமும் அப்படியே. சம்பள நாளா என்று பார்த்தாள், இல்லை. தேதி மாறிக்கொண்டே போனது. கடையிலிருந்து வந்த அமான் மறுநாள் பௌர்ணமி, சீக்கிரம் கடை திறக்க வேண்டும் என்று சொன்னபோதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. ஓடிப்போய்ப் பார்த்தாள். ஆள் காணாமல் போன நாட்கள் எல்லாம் பௌர்ணமியும் அதை ஒட்டிய நாளும்.

பௌர்ணமிக்கு மூச்சு விட நேரம் இல்லாத ஆள் என்றால் இந்த ஊர்க்காரர்தான்.

விளையாட்டின் வழியாகச் செய்தி அனுப்ப ஒரு வசதி இருந்தது. நான் இந்த விளையாட்டைச் செய்தவர்களில் ஒருத்தி, உங்களுக்கு ஐந்தாம் லெவலுக்குப் போவதில் ஏதாவது சிக்கலா என்று கேட்டு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. சிக்கல் இல்லை, போகப் பிடிக்காமல்தான் இருக்கிறேன் என்று. நீங்கள் திருவண்ணாமலையா என்று அடுத்துக் கேட்டாள். அதற்குச் சட்டென்று பதில் வரவில்லை. எப்படித் தெரியும் என்று மாலையில் ஒரு வரி வந்தது. பௌர்ணமிக் கணக்கை நூரைன் விளக்கியதும் அந்தப் பக்கம் பயம் தெளிந்திருக்க வேண்டும். பெயர் எழிலரசி, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன், மதியம் வந்தால் பேசலாம் என்று எழுதியிருந்தார்.

எழிலரசிக்கு நாற்பதைத் தாண்டிய வயது. காலையில் அறைகளைக் காலி செய்கிறவர்கள், மாலையில் வந்து சேருகிறவர்கள், இதற்கு நடுவில் மதியம் மட்டும் அவருக்கு ஓய்வு. நூரைன் போனபோது மேசைக்குப் பின்னால் பஸ்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, வெயிலைப் பற்றி நாலு வார்த்தை பேசிய பிறகு, நீங்கள்தான் இதை எழுதினதா என்று ஒரு முறை உறுதி செய்துகொண்டார். பிறகு போனை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அந்தக் கூடையில என்னங்க இருக்கு?"

நூரைனுக்கு முதலில் விளங்கவில்லை. திரையைப் பார்த்ததும் நினைவு வந்தது. நான்காம் லெவல் ரூட்டில் பம்ப் ஹவுஸ் ஸ்டாப் என்று ஒன்று. அங்கே மூடி போட்ட கூடையோடு ஒரு பெண் ஏறுவாள், சந்தையில் இறங்குவாள். அந்த ரூட் வெறிச்சென்று இருக்கிறதே என்று கடையில் உட்கார்ந்து ஒரே மதியத்தில் நூரைன் சேர்த்த பாத்திரம் அது. ஏறும்போது அவள் பேசுவதற்குச் சில வரிகளும் எழுதியிருந்தாள். பார்த்து ஓட்டுங்க, கூடை ஆடக் கூடாது. இன்னிக்குக் கனம் ஜாஸ்தி. மூடியைத் திறந்துடாதீங்க. ராத்திரி பூரா சத்தம், தூங்கவே இல்ல. இப்பதான் தண்ணி தெளிச்சேன். இப்படி. ஒவ்வொரு டிரிப்பிலும் ஏதாவது ஒரு வரி முன்பின்னாக வரும்.

"எனக்குத் தெரியாதுங்கக்கா" என்றாள் நூரைன்.

"எழுதினது நீங்கதான?"

"ஆமாங்க. கூடையைப் பத்தி எழுதினேன். உள்ள என்னன்னு யோசிக்கவே இல்ல."

எழிலரசி போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு உள்பக்கம் திரும்பி, அறைகளைத் துடைக்கிற சரசுவைக் கூப்பிட்டு, கூடையில் ஒன்றும் இல்லையாம் என்றார். அவருக்கும் சரசுவுக்கும் இதில் ஒரு பந்தயமே ஓடிக்கொண்டிருந்தது. வாத்துக் குஞ்சு என்பது எழிலரசியின் கட்சி. உயிர் மீன் என்பது சரசுவின் கட்சி. சரசு ஈரக் கையோடு வாசலில் வந்து நின்று நூரைனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லாததுக்கா தண்ணி தெளிச்சாங்க?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிறகு எழிலரசி விளக்கினார். அந்தப் பெண் தினமும் ஒன்று சொல்கிறாள். முந்தின நாள் சொன்னதையும் இன்று சொல்வதையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஏதோ நடக்கிற மாதிரி இருக்கிறது. தண்ணீர் தெளித்த மறுநாள் கனம் கூடுகிறது. சத்தம் என்றவள் அடுத்து மூடியைத் திறக்காதே என்கிறாள். என்றைக்காவது ஒரு நாள் மூடி திறந்துவிடும், அன்றைக்கு நாம் இங்கே இருக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன் என்றார். வரிகள் தானாகக் கலைந்து கலைந்து வருகின்றன, அவற்றுக்குள் வரிசை என்று எதுவும் கிடையாது என்று சொல்ல நூரைனுக்கு வாய் வரவில்லை.

"அஞ்சாவது லெவல்ல என்ன இருக்கு?" என்று எழிலரசி கேட்டார்.

"பெரிய பஸ் வரும். நிறைய பேர் ஏறுவாங்க. பாயிண்ட் ஜாஸ்தி."

"அந்தம்மா?"

"பெரிய பஸ் பம்ப் ஹவுஸ்ல நிக்காதுங்க."

"அப்ப நான் எதுக்கு அங்க போவணும்?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.  அதற்குள் தாடி வைத்த ஒரு வெளிநாட்டுக்காரர் வந்து சாவி கேட்க, எழிலரசி எழுந்துவிட்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் ஏறாமல் நூரைன் வெயிலில் நடந்தாள். மொஹ்சின் வாளுக்காக ஏறினான். அவளோ அடுத்த எண் என்ன என்று தெரிந்துகொள்ள ஏறினாள். எழிலரசி ஒரு மூடியைத் திறந்து பார்க்க ஏறாமலே இருக்கிறார். மூன்று பேரையும் பிடித்து வைத்திருப்பது ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்ளும் ஆசை. தான் வகுத்த விளையாட்டோ தன்னைப் போல எண்ணில் ருசி கண்டவர்களுக்காக வகுத்தது. ஆறாம் லெவல் வரை புது ரூட், புது பஸ் என்று ஏதோ எட்டிப் பார்க்கும்படி இருந்தது. ஏழிலிருந்து பஸ்ஸின் நிறம் மாறும், எண்கள் பெருகும், அவ்வளவுதான். அங்கே தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை. பாயிண்டைக் குறைத்தபோது அந்த வெறுமைக்கு அவர்களைச் சீக்கிரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். அதனால்தான் சீக்கிரமாகப் போனார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வேறு எதையும் தொடாமல் கூடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுதின வரிகள் எதையும் மாற்றக் கூடாது என்று தனக்குத் தானே ஒரு விதி வைத்துக்கொண்டாள். எழிலரசி கேட்ட அத்தனை வரிக்கும் பொருந்துகிற ஒரு பொருள் வேண்டும். வாத்துக் குஞ்சுக்குத் திறக்காதே என்பது பொருந்தியது, கனம் கூடிக் குறைவது பொருந்தவில்லை. மீனுக்குச் சத்தம் பொருந்தவில்லை. அமான் பூனை என்றான். வீட்டுக்கு வந்திருந்த அம்மா, இவ்வளவு பெரிய பெண்கள் இதற்கா மண்டையை உடைத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு, சற்று நேரம் கழித்துச் சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, உயிர் நண்டாக இருக்குமோ என்றார். தண்ணீருக்கும் கனத்துக்கும் நண்டு சரிதான். ராத்திரி பூரா தூங்கவிடாத சத்தம்தான் இடித்தது.

விடை வர சில நாள் ஆனது. அடி அண்ணாமலையில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, தோட்டத்து ஓரத்தில் வரிசையாக வைத்த மரப்பெட்டிகளைப் பார்த்து அவள் வண்டியை நிறுத்தச் சொன்னாள். தேனீப் பெட்டிகள். அங்கே இருந்தவர்களிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். ஆமாம், கூடையில் வைத்தும் கொண்டுபோகலாம், இடம் மாற்றும்போது ஆட்டக் கூடாது. வெயிலில் தண்ணீர் தெளித்தால் அடங்கி இருக்கும். தேன் சேரச் சேரக் கனம் ஏறும், எடுத்துவிட்டால் குறையும். புழுக்கமான ராத்திரியில் கூடு குளிர அவை சிறகடித்துக்கொண்டே இருக்கும், காதை வைத்தால் இரைச்சல் கேட்கும். மூடியைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவள் கேட்கவில்லை. ஒரு வரிகூடத் தப்பவில்லை. கல்லூரி நாளில் அந்த எண் திரையில் வந்து நின்றபோது இருந்த அதே சந்தோஷம் என்று பின்னால் சொன்னாள்.

நந்தினி அவ்வளவு சுலபத்தில் மசியவில்லை. எல்லாரும் கூடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள், ஒரு ஆளுக்காக விளையாட்டை மாற்ற முடியாது என்றாள். அது போக, லெவல் ஒன்றை எண்ணை மாற்றி அரை நாளில் செய்துவிடலாம், இப்படிக் கதை சேர்த்துச் செய்தால் வாரக்கணக்கில் இழுக்கும். அவள் சொன்னதும் நியாயம்தான். கடைசியில், புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மட்டும் மாற்றிக் கொடுத்துப் பார்ப்போம் என்று ஒப்புக்கொண்டாள். எழிலரசியையும் அந்தப் பாதியில் சேர்க்கும்படி நூரைன் கேட்டு வாங்கினாள்.

புதிய ஏற்பாட்டில் பெரிய பஸ்ஸும் பம்ப் ஹவுஸில் நிற்கும். ஐந்தாம் லெவலில் அந்தப் பெண் சந்தையில் இறங்காமல் கடைசி ஸ்டாப் வரை வருவாள். ஆறில் மலைப் பாதை திறக்கும்போது, பூத்துக் கிடக்கும் சூரியகாந்திக் கொல்லை ஓரத்தில் கூடையை இறக்கி மூடியைத் திறப்பாள். அதற்குள் இன்னொரு பயணி ஏறியிருப்பார், அவரிடம் வேறொரு புதிர் இருக்கும். அது எட்டில்தான் தெரியும். எந்த லெவலிலும் பழைய மினி பஸ்ஸை எடுத்து ஓட்ட விரும்பினால் ஓட்டலாம். எண்ணை ரசிக்கிறவர்கள் பார்ப்பதற்காக, அடுத்தடுத்த லெவலுக்கு எவ்வளவு பாயிண்ட் என்று காட்டும் ஒரு பக்கத்தையும் நூரைன் ஓரமாகச் சேர்த்தாள். தன்னைப் போன்றவர்களை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை.

பெரிய பஸ் பம்ப் ஹவுஸில் நிற்கும் என்று மட்டும் எழிலரசிக்குச் செய்தி அனுப்பினாள். மறுநாள் மதியம் அந்த எண் ஐந்துக்கு ஏறியது. அதைப் பார்த்துக்கொண்டே நூரைன் டீயை ஆறவிட்டாள். ஆறுக்கு வர இன்னும் சில நாள் ஆனது. அன்று சாயங்காலம் போன் வந்தது.

"தேனீயா" என்றார் எழிலரசி.  பிறகு, "சரசு ஒத்துக்க மாட்டேன்றா. தேனீ ராத்திரியில சத்தம் போடுமான்னு கேக்கறா" என்றார்.

நூரைன் சிறகடிப்பை விளக்கினாள். அந்தப் பக்கம் அதை அப்படியே சரசுவிடம் எழிலரசி திருப்பிச் சொல்வது கேட்டது.

மாற்றிக் கொடுத்த பாதியில் ஏழாவது லெவலில் நிற்கிறவர்கள் நன்றாகவே குறைந்தார்கள். ஒரேயடியாக இல்லை. புதிர்கள் தீர்ந்துபோகிற பதினோராம் லெவலில் இப்போது நிற்க ஆரம்பித்தார்கள். பேச்சைத் தள்ளிவிட்டு பஸ்ஸை மட்டும் ஓட்ட வழி வேண்டும் என்று கேட்டவர்களும் இருந்தார்கள். நந்தினி எல்லாருக்கும் புதிய ஏற்பாட்டையே கொடுத்தாள். "மினி பஸ்" பெரிதாக ஓடி ஊரைக் கலக்கவில்லை. கம்பெனி அடுத்த விளையாட்டைத் தொடங்குகிற அளவுக்கு ஓடியது.

அடுத்தது ஒரு பழைய பங்களாவைத் திறந்து சுத்தம் செய்கிற விளையாட்டு. கதவு திறக்கத் திறக்க லெவல். இந்த முறை முதல் நாளிலிருந்தே நூரைன் எண்ணைத் தொடவில்லை, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு கேள்வியை வைத்தாள். தனக்கு முழுத் திருப்தி வந்த பிறகு கெஸ்ட் ஹவுஸுக்குப் போய் எழிலரசியிடம் கொடுத்தாள். அவர் இரண்டு கதவு திறந்தார். மூன்றாவது கதவின் முன்னால் நின்று போனைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னங்கக்கா?"

"எல்லாக் கதவும் என்னையே கேள்வி கேக்குது. கூடைக்காரம்மா எதுவும் கேக்கலையே, அவ பாட்டுக்கு வந்தா, போனா."

நூரைன் நாற்காலியை மேசைக்கு இன்னும் அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் கதவைத் திறந்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்க ஆரம்பித்தாள்.